பால்குடமும் நீர்க்கடுப்பும்

வியாதி என்று ஒன்று வந்தால், வாய் விட்டுச் சொல்லக்கூடிய வியாதியாக வர வேண்டும். நெஞ்சு வலி என்றால் ஒரு மரியாதை இருக்கிறது, எழுந்து உட்கார இடம் கொடுப்பார்கள். முட்டி வலி என்றால் ஆளுக்கொரு தைலப் போத்தலோடு வருவார்கள். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, என்றால் பேச்சுத்துணைக்குப் பஞ்சமே கிடையாது. எனக்கு வந்தது இதில் எதுவுமில்லை. எனக்கு வந்தது நீர்க்கடுப்பு. ஒன்றுக்குப் போனால் எரியும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால் வந்த கூத்தைத்தான் இப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுகிறாள். போன மாதம் ஒருத்தி நான் தரையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பினேன் என்று என் முன்னாலேயே சொன்னாள். எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பாயிலிருந்து எழும்புவதே பெரும்பாடு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். பரவாயில்லை, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், பிறகு யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடலாம்.

கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். முன்பு முழுக்க ரப்பர்ப் பால்மரம். இப்போது முக்கால்வாசி செம்பனை. நான் நாற்பது வருஷம் பால் எடுக்க மரம் வெட்டினேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.) வீட்டுக்காரர் போன பிறகும் தோட்டத்து வீட்டை விட்டு நகரவில்லை. ஒரே மகன் சேகர் சுங்கை பட்டாணி டவுனில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு, மருமகள் கலாவோடு இருக்கிறான். "வந்துடும்மா, வந்துடும்மா" என்று வாரம் ஒரு தடவை கூப்பிடுவான். நான் போகமாட்டேன். என் வீடு, என் அடுப்பு, என் கோயில்.

கோயில்தான் முக்கியம். சேகருக்குச் சிறு வயதில் அம்மை கண்டு பிழைத்தபோது எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஆயுசுக்கும் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். ஒரு வருஷம் விட்டதில்லை. எனக்கு முன்னால் நடந்த மூத்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, வரிசையில் முதல் குடம் என்னுடையது. ஆற்றங்கரையிலிருந்து மேளம் முன்னால் போக, அடுத்து நான், எனக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பெண்கள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அந்த வருஷம் சேகர் என் முட்டியைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டான்.

"இந்த வருஷம் குடம் வேணாம்மா. உக்காந்து சாமி கும்புடு, போதும்."

"உக்காந்து கும்புடறதுக்கு நான் என்னா விருந்தாளியா?"

"ஒடம்புக்கு ஏதாச்சும்னா சொல்லிப்புடு. நான் வந்து காடியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன். அப்பறம் திருவிழாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் அக்கறையில்தான் சொன்னான். எனக்கு மிரட்டல் மாதிரிதான் கேட்டது. உடம்புக்கு ஏதாவது என்றால் முதல் குடம் போய்விடும். சரியாகத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எரிய ஆரம்பித்தது.

முதல் நாள் லேசான எரிச்சல்தான். மிளகாய் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடினேன். ஓடிப் போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டுக்கு நாலு சாமியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அடிவயிற்றில் ஒரு பாரம். நிறமும் கலங்கல், வாடையும் சரியில்லை. இதெல்லாம் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். உடம்புச் சூடு.

எங்கள் ஆட்களுக்கு எது வந்தாலும் சூடு, இல்லாவிட்டால் குளிர்ச்சி. மூன்றாவதாக ஒரு காரணம் உலகத்தில் கிடையாது. சூட்டுக்கு வைத்தியமும் எனக்குத் தெரியும். இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு பூசினேன். தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டேன். பார்லி காய்ச்சிக் குடித்தேன். நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகினேன். உடம்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் எண்ணெயாக, நடுவில் மட்டும் நெருப்பாக நடமாடினேன்.

அதோடு நின்றேனா? பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மாத்திரை சேர்த்து வைத்திருப்பேன். முந்திய வருஷம் பல் வீங்கியபோது கொடுத்ததில் நாலு மிச்சம் இருந்தது. கிருமி மாத்திரைதானே, கிருமிக்குப் பல் எது, மற்றது எது என்று தெரியவா போகிறது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு நாள் போட்டேன். எரிச்சல் குறைந்தது. சுண்ணாம்பு வேலை செய்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்! மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள், போனது திரும்பி வந்தது. வரும்போது தனியாக வரவில்லை.

பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கு மட்டும் சந்தேகம். பிலோமினா வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள், எங்கள் திருவிழாவுக்கும் தவறாமல் வந்து அன்னதானத்தில் வெங்காயம் உரிப்பாள். முன்பு தோட்டத்தில் மருந்துக் கொட்டகை இருந்த காலத்தில் டிரெஸ்ஸருக்குக் கையாளாக இருந்து போத்தல் கழுவியவள். அதனால் தான் பாதி டாக்டர் என்று ஒரு நினைப்பு.

"அஞ்சல, கால்ல என்னா அது வெள்ளையா?"

"நகச்சுத்தி."

"ரெண்டு கால்லயுமா? ரெண்டு பெருவெரல்லயுமா?"

"ஏன், எனக்கு ரெண்டு கால் இருக்கக் கூடாதா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கிளினிக்குக்குப் போ லா. ஒரு சின்ன போத்தல்ல புடிச்சிக் குடுத்தா அஞ்சி நிமிசத்துல சொல்லிருவாங்க."

போத்தலில் பிடித்துக் கொடுப்பதா? அதற்கு மேல் பெயர் எழுதி ஒட்டுவார்களாம். என் பெயரை! வரிசையில் முதல் குடம் எடுக்கிற பெயரை! நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் கோயிலில் அப்போது பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் செம்பனைப் பக்கம் ஒதுங்கிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்கள் பட்டுச் சேலையோடு எங்கே போவது? அதனால் திருவிழா என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். எனக்கு அது புதிதே இல்லை. மரம் வெட்டிய காலத்தில் விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், மத்தியானம் பால் நிறுத்துக் கொடுக்கும் வரைக்கும் அடக்கித்தான் வைப்போம். அடக்குவதில் நான் தோட்டத்திலேயே கெட்டிக்காரி. இதிலெல்லாமா பெருமைப்படுவார்கள் என்று கேட்கலாம். நான் பட்டேன்.

ஆகவே உடம்பு தண்ணீர் கேட்ட நேரத்தில் தண்ணீரை நிறுத்தினேன். முதல் நாள் மாலையே வலது பக்கம் விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு குத்தல் ஆரம்பித்தது. குடத்தை எடுத்துப் பழகிப் பார்த்ததில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் மஞ்சள் சேலையோடு நிற்கும்போது பல் கிட்டித்தது. ஆற்றுக் குளிர் என்று நினைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்படியும் குளிர் என்றுதான் நினைத்தேன்.

குடத்தைத் தலையில் தூக்கி வைத்தார்கள். மேளம் ஆரம்பித்தது. செம்பனைக்கு நடுவில் செம்மண் பாதையில் பாதித் தூரம் வரைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பிலோமினா சொல்லியும், கலா சொல்லியும், யாரோ ஒரு புண்ணியவான் போனில் பிடித்த படத்தைப் பார்த்தும்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தேன். போதும்.

கோயில் வாசலுக்கு வந்ததும் நடுங்க ஆரம்பித்தேனாம். சாதாரண நடுக்கமில்லை. குடத்திலிருந்து பால் தெறிக்கிறது. கண் சொருகிவிட்டது. காய்ச்சல் குளிர். வேறு எங்கே நடுங்கியிருந்தாலும் ஒரு போர்வை கொண்டுவந்திருப்பார்கள். மேளம் அடிக்கிற இடத்தில், மாரியம்மன் வாசலில், மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நடுங்கினால் என்ன கொண்டுவருவார்கள்? வேப்பிலை கொண்டுவந்தார்கள்.

"ஆத்தா வந்துட்டா! அஞ்சலக்கா மேல ஆத்தா வந்துட்டா!"

நாலு பேர் குடத்தை வாங்கிக்கொண்டார்கள். மேளக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டு வீறிட்டாள்: "பாருங்கடி, பாதத்துல திருநீறு!" அது சுண்ணாம்பு. அதையும் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். (நெற்றி எரிந்திருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.)

சாமி வந்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும் இல்லையா? குடம் குடமாக என் தலையில் ஊற்றினார்கள். குளிர் காய்ச்சலில் நிற்கிறவள் மேல் தண்ணீரை ஊற்றினால் நடுக்கம் கூடத்தானே செய்யும்? நடுக்கம் கூடக் கூட, ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள் என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்கள். அவ்வளவு தண்ணீரில் ஒரு மடக்கு என் வாய்க்குள் போயிருந்தால் புண்ணியம். ஒரு சொட்டு போகவில்லை. ஆனாலும் அத்தனை தண்ணீர் ஊற்றியதில் எனக்கு ஒரு நன்மை இருந்தது. சேலை முன்பே நனைந்திருந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

என் மகன், தண்ணீர் குடிக்கச் சொன்னாலே என்னோடு சண்டைக்கு வருகிறவன், சட்டையைக் கழற்றிவிட்டு என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். அதைப் பார்க்கிற அறிவு எனக்கு இல்லை.

பூசாரி கற்பூரத் தட்டோடு வந்து பணிவாகக் கேட்டார்: "தாயே, பேசு. யாரு வந்துருக்கே?"

எனக்கு அப்போது மூளை எங்கே இருந்தது தெரியுமா? பெரட்டுக் களத்தில். நாற்பது வருஷத்துக்கு முந்திய பெரட்டு. தோளில் துண்டு போட்டு எதிரில் நிற்கிற பூசாரி எனக்குப் பெயர் பதிகிற தண்டலாகத் தெரிந்திருக்கிறார்.

"எம் பேரப் போடு தண்டலு! நான் நேரத்தோடதான் வந்தேன்! அரை நாளுன்னு போட்டே, பாத்துக்க!"

ஆத்தா தன் பெயருக்கு அர்ச்சனை சரியாக நடக்கவில்லை என்று கோபப்படுகிறாள் என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னாராம். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து கோயில் தலைவர் மாணிக்கம் வந்தார். இப்போது பெரிய மனிதர். அந்தக் காலத்தில் எனக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டியவர். பால் வாளியைக் கழுவவே மாட்டார். வாளியில் பால் கட்டி கட்டியாகக் கிடக்கும், தினமும் ஏச்சு வாங்குவார். கை கூப்பிக்கொண்டு நின்றவரைப் பார்த்து நான் சத்தம் போட்டேன்.

"மாணிக்கம்! வாளியக் கழுவுனியாடா?"

தலைவருக்கு முகம் செத்துவிட்டது. அவர் மனசில் எந்த வாளி இருந்ததோ தெரியாது. "கழுவிடறேன் தாயே, கழுவிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் மனைவிதான் தைரியமாக முன்னால் வந்தாள்.

"ஆத்தா, ஓம் புள்ளைங்க நாங்க என்னா கொற வச்சோம்? என்னா வேணும், கேளு தாயே!"

அந்தக் கேள்வி மட்டும் எனக்கு விளங்கியிருக்கிறது. பன்னிரண்டு நாளாக நான் யாரிடமும் வாயைத் திறந்து சொல்லாததை, மேளம் நிற்க, இருநூறு பேர் வாய்பார்க்க, தொண்டை கிழியக் கேட்டேன்.

"கக்கூசு எங்கடி?"

மாணிக்கத்தின் மனைவி பூசாரியைத் திரும்பிப் பார்த்தாள். நான் விடவில்லை.

"இத்தன பொம்பளைங்க வர்ற எடத்துல கக்கூசு எங்கடி? அடக்கி அடக்கியே சாவணுமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு குலவை கிளம்பியது. அப்புறம் எல்லாப் பெண்களும் போட்டார்கள். அந்த மாதிரி குலவை எங்கள் கோயிலில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்று பிலோமினா சொல்கிறாள்.

இவ்வளவு நேரம் கலாவும் கை கூப்பிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். குலவை அடங்கியதும், வாக்குக் கேட்க அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஆத்தா, எங்க அத்த இந்த வருசமாச்சும் எங்க வீட்டோட வந்து இருப்பாங்களா?"

"ஒன் வீட்டு ரசத்தக் குடிச்சிட்டு எவ இருப்பா?"

கலா கூப்பிய கையைக் கீழே போட்டுவிட்டாள். வெங்காயக் கத்தியோடு ஓரமாக நின்ற பிலோமினாவிடம் ஓடினாள். "ஆன்ட்டி, அது சாமி இல்ல. எங்க அத்ததான். அந்த ரசத்த அவங்களத் தவிர வேற யாரும் கொற சொன்னதில்ல."

பிலோமினா கூட்டத்துக்குள் புகுந்து, கும்பிடுகிற மாதிரி என் காலைத் தொட்டு, எழுந்து, நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. "காச்சல் தலைக்கேறிருச்சி. நீர்க்கடுப்ப மறச்சி மறச்சி வச்சி முத்திப் போச்சி" என்று கலாவின் காதில் சொன்னாள். "ஒடனே சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். ஆனா நான் வேதக்காரி. இது சாமி இல்லன்னு இந்தக் கூட்டத்துல நான் சொன்னா எவன் கேப்பான்? என்னையும் சேத்துல்ல குளுப்பாட்டுவாங்க!"

கலா சொன்னால் கேட்பார்களா? மாமியார் மேல் கோபத்தில் சாமியையே இல்லை என்கிறாள் என்பார்கள். சேகரோ இன்னும் தரையில் கிடக்கிறான். இன்னும் ஒருத்தி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருக்கிறாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என் வாயருகே காதை வைத்துக் கேட்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ஆத்தா சுங்கை பட்டாணிக்குப் போவணுங்கறா! இப்பவே போவணுமாம்!"

"சாமிக்கு எதுக்கு சுங்கை பட்டாணி?" என்றார் பூசாரி.

"அது நம்ம கேக்குற கேள்வியா சாமி? காடிய எடுக்கச் சொல்லுங்க!"

கேட்கிற கேள்வி இல்லைதான். மாணிக்கமே தன் காடிக் கதவைத் திறந்துவிட்டார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, மேளதாளத்தோடு என்னைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு மேளம் அடித்து வழியனுப்பப்பட்ட நோயாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு அறிவு திரும்பியது மறுநாள். கையில் ஊசி, மேலே தொங்குகிற மருந்துப் பை, வாயெல்லாம் வேப்பிலைக் கசப்பு. ஒரு பக்கம் சேகர், இன்னொரு பக்கம் கலா, கால்மாட்டில் ஜெபமாலையோடு பிலோமினா. வந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி சின்னப் பெண், சிரித்த முகம். என் மருந்துப் பையைச் சரிசெய்துகொண்டே, "ஆன்ட்டி, கென்சிங் கோத்தோர் லா" என்றாள். மலாய்க்காரர்கள் இந்த வியாதிக்குச் சொல்கிற பெயர் அது. கென்சிங் என்றால் ஒன்றுக்கு, கோத்தோர் என்றால் அழுக்கு. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து உட்காரத் தெம்பில்லை, படுத்தபடியே சொன்னேன், "மிஸ்ஸி, நான் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ குளிக்கிறவ." அவளுக்குத் தமிழ் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு தமிழ் டாக்டர் வந்தாள். அதுவும் சின்னப் பெண்தான், ஆனால் அதட்டல் குரல்.

"எத்தன நாளா எரியுது பாட்டி?"

மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள். "ரெண்டு நாளு" என்றேன்.

"பன்னெண்டு நாளு டாக்டர்" என்றாள் பிலோமினா. "கால்ல சுண்ணாம்பப் பாருங்க. என்னிக்குப் பூசுனான்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் என் பெருவிரலைப் பார்த்தாள். இரண்டாவது விரலில் மஞ்சள், மூன்றாவதில் குங்குமம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்.

பிஸ்கட் டின் மாத்திரையைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். "பல்லுக்குக் குடுத்த மாத்திரையையா? அதுவும் நாலே நாலா?" என்று பத்து நிமிஷம் ஏச்சு. அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாதாம், மிஞ்சினது பழகிக்கொண்டு இன்னும் திமிர் பிடித்து வருமாம். முதல் நாளே போயிருந்தால் ஒரு போத்தல் நீர், சில நாள் மாத்திரை, அதோடு முடிந்திருக்கும். இப்போது மூத்திரப்பையில் இருந்தது கிட்னிக்கு ஏறி, காய்ச்சலாகி, இரத்தத்தில் கலக்கப் பார்த்ததாம்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா?" என்று சேகர் கேட்டான்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, போர்வையை இழுத்துவிட்டாள். சேகர் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்குச் சாமி வந்ததில் வெட்கமில்லை, கக்கூஸ் கேட்டதில்கூட வெட்கமில்லை. அதைப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

"வயசானவங்களுக்கு இப்படித்தான் வரும்" என்று டாக்டர் கலாவிடம் சொன்னாள். "சில பேருக்கு எரிச்சல்கூட இருக்காது. நல்லா இருந்தவங்க திடீர்னு கொழம்பிப் பேசுவாங்க, ஆளு மாத்திச் சொல்லுவாங்க. பைத்தியம்னு நெனைக்கக் கூடாது."

"நாங்க பைத்தியம்னு நெனைக்கல டாக்டர்" என்றாள் கலா. "கும்புட்டோம்."

மூன்று நாள் படுக்கை. அதன் பிறகு சேகர் வீட்டில் ஒரு வாரம் மாத்திரை. இரண்டாம் நாளே சுகமாகிவிட்டது போல இருந்தது, நிறுத்தலாமா என்று கை போனது. கலா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விழுங்க வைத்தாள், கடைசி மாத்திரை வரைக்கும். தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, கழுவினால் முன்னிருந்து பின்னால் கழுவ வேண்டும். எழுபத்திரண்டு வயதில் கழுவக் கற்றுக்கொண்டு வந்தேன். பார்லி குடிக்கலாமாம், சீனி வேண்டாமாம், ஆனால் பார்லியும் சுண்ணாம்பும் கிருமியைக் கொல்லாதாம். சுண்ணாம்பை விளக்கெண்ணெயோடு சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் இல்லை என்றுவிட்டாள் டாக்டர்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் கோயிலுக்குப் பின்னால் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆத்தா வாய்விட்டுக் கேட்டாகிவிட்டது, தள்ளிப்போட முடியுமா? மாணிக்கமே முன்னால் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். (அவருடைய வாளி பயம் இன்னும் தீரவில்லை.) பெண்கள் இதற்கு முன் எத்தனையோ கூட்டத்தில் கேட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இவரே தட்டிக்கழித்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பொய்யில் ஒரு கட்டடம் எழும்புகிறதே என்று உறுத்தியது. பிலோமினாவிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிடப் போறேன். அது ஆத்தா இல்ல, கிருமின்னு."

"சொல்லு" என்றாள் அவள். "சொல்லிட்டு அடுத்த திருவிழாவுக்கும் தண்ணி குடிக்காம வந்து நில்லு. ஒனக்குப் பின்னால அம்பது பொம்பளைங்களும் தண்ணி குடிக்காம வந்து நிக்கட்டும்."

"ஓடு போடுறாங்களா, தகரமா?" என்று கேட்டேன்.

"ஓடு."

வாயை மூடிக்கொண்டேன். இப்போதுதான் திறக்கிறேன். கட்டி முடித்து மூன்று வருஷமாகிறது, வெள்ளைக் கல் பதித்திருக்கிறார்கள், இனி இடிக்க மாட்டார்கள்.

சேகர் வீட்டில் இன்றைக்கும் யாராவது கக்கூஸுக்கு எழுந்தால், "இரு, ஆத்தாகிட்ட வாக்குக் கேட்டுட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். கலா காலையும் மாலையும் போன் போட்டு, "அத்த, இன்னிக்கு எத்தன கொடம் அபிசேகம் ஆச்சி?" என்று கேட்பாள். எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தேன் என்று கணக்குச் சொல்ல வேண்டும். ரசம் வைத்த அன்றைக்கு மட்டும் போன் வராது.

போன திருவிழாவில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கக்கூஸ் வரிசையில் நின்றேன். முதல் குடம்தான், ஆனாலும் இந்த வரிசையில் ஐந்தாவது ஆள். எனக்கு முன்னால் பட்டுப் பாவாடை தாவணியில் வெளியூர்ப் பெண் ஒருத்தி. திரும்பி என்னைப் பார்த்து, பொழுதுபோகப் பேச்சுக் கொடுத்தாள்.

"பாட்டி, ஒங்களுக்குத் தெரியுமா? இந்தக் கக்கூச, சாமியே நேர்ல வந்து கேட்டுத்தான் கட்டுனாங்களாம்."

"தெரியும்மா" என்றேன். "ஒன் மொற வந்துருச்சி. சீக்கிரம் போயிட்டு வா. சாமி ரொம்ப நேரமா நிக்குது."